மரத்தை மறைக்காத வண்ணம்

கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்தில் கேம்பிள் ஹவுஸ் என்றொரு மரவீடு இருக்கிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் கேம்பிளுக்காக, சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற அண்ணன் தம்பிகள் 1908-ல் வடிவமைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை, வீட்டை விற்றுவிடலாமா என்று யோசித்தது. பார்க்க வந்தவர்கள், தேக்கிலும் மஹோகனியிலும் இழைத்திருந்த உள்வேலைப்பாட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டது வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தது. விற்கும் எண்ணத்தை அத்தோடு கைவிட்டார்கள். 1966-ல் வீடு பாசடீனா நகரத்தின் பொறுப்புக்குப் போனது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கிராஃப்ட்ஸ்மேன் என்று அழைக்கப்படும் அதே பாணியில், 1905-லிருந்து 1930 வரை அமெரிக்கா முழுக்க எழுந்த சின்னச் சின்ன வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில், போர்ட்லாந்து, சிகாகோ என்று எந்த ஊரின் பழைய தெருவில் நடந்தாலும் இவற்றைப் பார்க்கலாம். நூறு வயதைத் தொட்ட இந்த வீடுகள் கைமாறும்போது, புது உரிமையாளர் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். சுவருக்குச் சாம்பல், ஓரங்களுக்குப் பளீர் வெள்ளை, அல்லது இப்போதைய மோஸ்தர்படி தலை முதல் கால் வரை கறுப்பு. இரண்டுமே இந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு, வீடு எதற்காக இப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகள் மேல் வந்து குவிந்த அலங்காரத்துக்கு அளவே இல்லை. எந்திரத்தில் அறுத்த பூவேலை, கோபுரம், உருண்டைத் தூண், அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கினும் வில்லியம் மாரிஸும் இந்த எந்திரப் பகட்டுக்கு எதிராகப் பேசினார்கள். கைவினைஞனின் வேலை வெளியே தெரிய வேண்டும், பொருள் தன் இயல்பிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் அந்தக் கருத்தைச் சாமானியன் வீட்டுக்குக் கொண்டுபோனவர் நாற்காலி, மேசை செய்து விற்ற கஸ்டாவ் ஸ்டிக்லி. அவர் 1901 முதல் 1916 வரை நடத்திய பத்திரிகையின் பெயரே ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’. வீட்டு வரைபடங்களை அதில் வெளியிட்டார். பாணிக்கு அந்தப் பெயரே நிலைத்தது. பிறகு சியர்ஸ் போன்ற கம்பெனிகள், அறுத்து எண் போட்ட மரங்களோடு முழு வீட்டையே ரயிலில் அனுப்பி விற்றன. தாழ்ந்த கூரையும் அகன்ற முன் வராந்தாவும் கொண்ட பங்களா அமைப்பு, வங்காளத்து வீடுகளிலிருந்து ஆங்கிலேயர் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்த வீட்டின் முன் நின்று மேலே பாருங்கள். கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருக்கும். இறவாணத்துக்கு அடியில் கைமரங்களின் நுனிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பலகை வைத்து மூட மாட்டார்கள். முக்கோண முகப்பின் கீழே முட்டுக்கொடுக்கும் தாங்குகட்டைகள். வராந்தாவில் கீழே பருத்து மேலே சிறுத்த குட்டைத் தூண்கள், அவற்றுக்கு அடியில் கல்லோ செங்கல்லோ வைத்த பீடம். எது எதைத் தாங்குகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் இந்தக் கட்டடக்கலையின் மொத்தப் பெருமையும். நல்ல வண்ணம் இந்தத் தச்சுவேலையைப் படிக்கவிடும். சாம்பல் சுவரின் மேல் ஒவ்வொரு சட்டத்துக்கும் வெள்ளை அடித்தால் மரம் மரமாகத் தெரியாது, கோடாகத் தெரியும். எல்லாவற்றையும் கறுப்பாக்கினால் கைமர நுனி, அதன் நிழல், சுவர் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்த நிழலுக்காகத்தானே கூரையை அவ்வளவு தூரம் நீட்டினார்கள்!

அந்தக் காலத்தவர் பயன்படுத்திய நிறங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்தவை. ஆளி விதை எண்ணெயில் குழைத்த மஞ்சள் மண், பழுப்பு மண், இரும்பு ஆக்சைடு சிவப்பு, ஆலிவ் பச்சை. நம் கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே பட்டை பட்டையாக அடிக்கும் காவிக்கு நிறம் தருவதும் இந்த இரும்பு ஆக்சைடுதான். வெயிலில் எளிதில் வெளிறாத நிறமிகள் இவை. புதிதாக வந்த பளபளப்பான சிவப்புகள் சில கோடைகளிலேயே வெளுத்துப்போக, இரும்பு தந்த சிவப்பு நிற்கும். பாஸ்டனில் சாமுவேல் கேபட் என்பவர் கிரியசோட் கலந்து தயாரித்த மரச்சாயமும் அன்று பரவலாக விற்றது. கூரைக்கும் சுவருக்கும் செதில் செதிலாக அறைந்த ஷிங்கிள் பலகைகளுக்கு அந்தச் சாயத்தைத் தடவினார்கள். மரத்தின் ரேகை தெரியும், நிறமும் ஏறும். இன்றும் பெயின்ட் படாத ஷிங்கிள் கிடைத்தால் சாயமே நல்லது. பெயின்ட் மேலே படலமாக உட்காரும், ஈரம் உள்ளே சிக்கினால் உரியும். சாயம் மரத்துக்குள் இறங்குவதால் உரிவதற்கு அங்கே படலம் இல்லை, மெல்ல மங்கத்தான் செய்யும்.

வெள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்றைய வெள்ளை, ஈயத்தை எண்ணெயில் குழைத்தது; சற்றே பாலேடு நிறம். கண்ணைக் கூசவைக்கும் டைட்டானியம் வெள்ளை 1920-களுக்குப் பிறகுதான் பரவியது. ஆகவே 1912-ல் கட்டிய வீட்டின் ஓரச்சட்டம் வெளிர்நிறத்தில் இருந்தது என்று பழைய படத்தில் தெரிந்தாலும், கடையில் கிடைக்கும் பளீர் வெள்ளையை வாங்கி வந்துவிடக் கூடாது. தந்தமோ வெண்ணெயோ கலந்த வெள்ளைதான் அதற்குப் பொருத்தம். 1920-களில் கட்டிய பங்களாக்கள் சிலவற்றில் சுவரே வெளிர் மஞ்சளாகவும் சட்டங்கள் கரும்பச்சையாகவும் இருந்தன. அத்தகைய வீட்டுக்குப் பழுப்பு அடித்தே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, எங்கே தொடங்குவது? ஷேட் கார்டில் இல்லை. பெயின்ட் அடிக்கக் கூடாத பொருள்களில் தொடங்க வேண்டும். வீட்டில் கல் எங்கே இருக்கிறது, செங்கல் எங்கே, கூரை என்ன நிறம்? பாசடீனாவில் அரோயோ சேக்கோ ஆற்றுப்படுகையிலிருந்து அள்ளி வந்த உருண்டைக் கற்களைத் தூண் பீடத்துக்கும் புகைபோக்கிக்கும் வைத்தார்கள். சூளையில் நெருப்புக்கு மிக அருகே இருந்து வெந்து கறுத்து உருக்குலைந்த செங்கல்லை மற்றவர்கள் ஒதுக்கித் தள்ள, கிரீன் சகோதரர்கள் அதைத் தேடி எடுத்து ஆற்றுக் கல்லோடு கலந்து சுவர் எழுப்பினார்கள். அந்தச் செங்கல் ஒன்றை உற்றுப் பார்த்தால் ஊதா, கருஞ்சிவப்பு, கரும்பழுப்பு என்று நாலைந்து நிறம் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வேண்டிய வண்ணம் அங்கேயே இருக்கிறது. சாம்பலும் பழுப்புமான ஆற்றுக் கல் இருந்தால் சுவருக்குச் சாம்பல் ஓடிய பச்சை பொருந்தும். கருஞ்சிவப்புச் செங்கல் இருந்தால் ஆலிவோ மஞ்சள் மண்நிறமோ அதன் பக்கத்தில் நன்றாக இருக்கும். நீலச் சாம்பல் அதனோடு சண்டை போடும். கூரை ஓடு மாற்றும் எண்ணம் இருந்தால் கூரை முதலில், பெயின்ட் பிறகு. கூரைக்கேற்பப் பெயின்ட்டை எத்தனை நிறத்திலும் குழைக்கலாம். பெயின்ட்டுக்கேற்பக் கூரை தேடினால் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிறம்தான்.

அடுத்தது, எந்த நிறத்தை எங்கே வைப்பது. மூன்று நிறம் போதும். சுவருக்கு ஒன்று, ஓரச்சட்டங்களுக்கும் கைமரங்களுக்கும் ஒன்று, சன்னல் கதவுகளுக்கு ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் இன்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சன்னலைச் சுற்றிய சட்டமும், மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவும் அன்று தனித்தனி நிறம். கண்ணாடிக் கதவுக்குப் பெரும்பாலும் கறுப்பு, கரும்பச்சை, கருஞ்சிவப்பு. கண்ணாடி பகலில் வெளியிலிருந்து பார்த்தால் இருட்டாகத் தெரியும் என்பதால், கருநிறக் கதவு அதோடு சேர்ந்து சன்னலை ஆழமாக்கிக் காட்டும். ஆலிவ் சுவர், பாலேட்டுச் சட்டம், கருஞ்சிவப்புக் கதவு என்பது காலம் கடந்து நிற்கும் சேர்க்கை. பழுப்புச் சாயம் தடவிய ஷிங்கிள் சுவருக்குக் கரும்பச்சைச் சட்டம் என்றால் எனக்கு அதைவிடப் பிடிக்கும். வீடு மரங்களுக்குள் ஒதுங்கி நிற்கும். மாடிப் பகுதி இருந்தால் கீழே அழுத்தமான நிறம், மேலே அதைவிட வெளிர். வீடு தரையோடு படிந்து அகலமாகத் தெரிய அது உதவும். முன்கதவு ஓக்கிலோ ஃபர் மரத்திலோ இருந்து, அதற்கு இன்னும் பெயின்ட் படவில்லை என்றால் வார்னிஷோடு விட்டுவிடுங்கள்.

பெயின்ட் கடைகளில் இந்தப் பாணிக்கென்றே தனி வரிசைகள் உண்டு. ஷெர்வின் வில்லியம்ஸ் அட்டையில் ராய்கிராஃப்ட், ரூக்வுட் என்று தொடங்கும் பெயர்களைப் பார்ப்பீர்கள். முதலாவது நியூயார்க் மாநிலத்தில் எல்பர்ட் ஹப்பர்ட் தொடங்கிய கைவினைச் சமூகத்தின் பெயர். இரண்டாவது சின்சினாட்டியில் 1880-ல் தொடங்கிய மண்பாண்டப் பட்டறையின் பெயர். தேடலை அங்கே தொடங்குவதில் தவறில்லை. ஆனால் விரலளவு அட்டையை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெட்டவெளி வெயிலில், பெரிய சுவரில், எந்த நிறமும் அட்டையில் தெரிந்ததைவிட வெளிறியும் துடிப்பாகவும் தெரியும். கடை விளக்கில் மந்தமாக, கொஞ்சம் சேறுபோலத் தெரிகிற பச்சைதான் சுவரில் ஏறியதும் சரியான பச்சையாகும். கடையிலேயே அழகாகத் தெரிந்த பச்சை, சுவரில் கத்தும்.

அதனால் இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, வீட்டைச் சுற்றி எடுத்துப் போங்கள். இந்த வீட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இறவாணம் ஆழமாக இருப்பதால் சுவரின் மேல்பாதி நாள் முழுக்க நிழலில் இருக்கும், கீழ்ப்பாதி வெயிலில். ஒரே பெயின்ட் இரண்டு நிறமாகத் தெரியும். பலகையை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும், வடக்குப் பக்கத்திலும் பார்க்க வேண்டும். வெயில் நேரடியாக விழாத அந்தப் பக்கத்து ஒளியில் நீலம் அதிகம். சாம்பல் அங்கே நீலமாகவே மாறிவிடும். காலை, நண்பகல், அந்தி என மூன்று வேளையும் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பளபளப்பு விஷயத்தில், பழைய பலகைச் சுவருக்கு மந்தமான பூச்சு நல்லது. நூறு வருட மேடுபள்ளங்களை அது பெரிதுபடுத்தாது. சன்னல் கதவுகளுக்குக் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கலாம்.

வீடு முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையா? வெயில், மழை படாத மூலையில், வராந்தாக் கூரைக்கு அடியிலோ தாங்குகட்டையின் பின்புறத்திலோ அது ஒளிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, காசளவு இடத்தில் வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் வயதைக் காட்டும் வளையங்களைப் போல ஒவ்வொரு கோட்டும் வரிசையாகத் தெரியும். மரத்தை ஒட்டியது பிரைமராக இருக்கலாம். அதற்கு அடுத்ததே முதல் நிறம். இருட்டில் கிடந்த எண்ணெய் பெயின்ட் மஞ்சளேறியிருக்கும் என்பதால் சில நாள் வெயில் காட்டிவிட்டு ஒப்பிடுவது நல்லது.

அப்படித் தேய்க்கும் முன்பே நினைவில் இருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 1940-க்கு முன் கட்டிய அமெரிக்க வீடுகளில் 87 சதவீதத்தில் ஏதாவது ஓரிடத்தில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கிறது என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. வீடுகளுக்கு ஈயப் பெயின்ட் அங்கே 1978-ல்தான் தடை செய்யப்பட்டது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தோட்டத்து மண்ணில் விழுந்தால் அங்கேயே தங்கும். எனவே முதலில் சோதனை. ஈயம் இருந்தால், உலர்ந்த நிலையில் எந்திரம் வைத்துத் தேய்ப்பதும் தீயால் பொசுக்குவதும் கூடவே கூடாது. நனைத்துச் சுரண்டி, கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, தூசியைச் சேகரித்து அகற்றத் தெரிந்த, அதற்கான சான்றிதழ் பெற்ற ஆளிடமே வேலையைக் கொடுங்கள். கூலி கூடுதலாகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பாசடீனாவில் பங்களா ஹெவன் என்றே ஒரு பகுதி இருக்கிறது. 800-க்கும் மேற்பட்ட இத்தகைய வீடுகளைக் காக்க, அங்கு வாழ்பவர்களே முன்னின்று, 1989-ல் நகரத்தின் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கவைத்தார்கள். அந்தத் தெருக்களில் ஒரு பிற்பகல் நடந்தால் எந்தப் புத்தகமும் தராத பாடம் கிடைக்கும். உங்கள் ஊரில் உங்கள் தெரு அப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா, வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி வேண்டுமா என்பதை நகராட்சியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெயின்டரோடு பேசி முடிக்கும்போது, கல்லுக்கும் செங்கல்லுக்கும் பெயின்ட் இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மரத்தின் மேல் தப்பான நிறம் அடித்துவிட்டால் அடுத்த முறை அடிக்கும்போது திருத்திக்கொள்ளலாம். செங்கல்லின் நுண்துளைக்குள் இறங்கிய பெயின்ட்டை, செங்கல்லுக்குச் சேதமில்லாமல் முழுதாக வெளியே எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.