மையமற்ற எண்ணிமப் பணவலையில் புதிய கணுவின் நுழைவு: காவிரிப் பாசன அமைப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

காவிரிப் படுகையில் நீரின் வழி முன்னரே வகுக்கப்பட்டது. மேட்டூரில் திறக்கப்படும் நீர், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்கள் வழியே கடைமடை வயலை அடைகிறது. தஞ்சை வட்டாரத்தில் புதிதாக நிலம் வாங்கும் உழவர் தம் வயலுக்குரிய மதகைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2009 சனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின் வலையமைப்பிலோ தலைமதகு என ஒன்று இல்லை. அவ்வாறாயின், அதில் புதிதாகச் சேரும் கணினி முதலில் யாரை அணுகும்? அவ்வழிமுறையையும் அதில் அடங்கிய நம்பிக்கைச் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கணுவும் இணைக்கணுவும்

பிட்காயின் மென்பொருளை இயக்கும் கணினி ‘கணு’ எனப்படும். கரும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்து முளைக்க வல்லது. அதுபோல முழுக்கணு ஒவ்வொன்றும் பரிவர்த்தனைகளைத் தானே சரிபார்க்க வல்லது. ஒரு கணுவோடு நேரடித் தொடர்பிலுள்ள பிற கணுக்கள் அதன் ‘இணைக்கணுக்கள்’ ஆகும். பிட்காயின் கோர் மென்பொருள், எல்லாச் செய்திகளையும் பரிமாற எட்டு வெளித்தொடர்புகளையும், தொகுதிகளை மட்டும் பரிமாற இரண்டு வெளித்தொடர்புகளையும் தானே ஏற்படுத்துகிறது.

முதல் அறிமுகம்

தொடக்கக் காலத்தில் கணுக்கள் ஐ.ஆர்.சி. என்னும் இணைய உரையாடல் அரங்கில் கூடித் தம் முகவரிகளை அறிவித்தன. 2012இல் வெளிவந்த 0.6 பதிப்பு முதல் அம்முறை இயல்புநிலையில் நிறுத்தப்பட்டது. இன்று மென்பொருளுக்குள் சில ‘டி.என்.எஸ். விதை’களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. புதிய கணு அவற்றை வினவ, இயங்கிவரும் கணுக்களின் முகவரிகள் விடையாகக் கிடைக்கின்றன. விதைகள் விடை தாராதபோது, மென்பொருளோடு வழங்கப்படும் நிலையான முகவரிப் பட்டியல் பயன்படும். பயனரே தமக்குத் தெரிந்த முகவரியை உள்ளிடவும் இயலும்.

முகவரிப் பரவல்

ஓர் இணைக்கணு கிடைத்தபின், அதனிடமிருந்து வேறு கணுக்களின் முகவரிகள் பெறப்படுகின்றன. ஒரு செய்தியில் 1000 முகவரிகள் வரை இடம்பெறலாம். கேள்வியுற்ற முகவரிகள் ஓர் அட்டவணையிலும், தொடர்புகொண்டு உறுதிசெய்தவை மற்றோர் அட்டவணையிலும் வைக்கப்படுகின்றன. இவை கணினியில் சேமிக்கப்படுவதால், மறுமுறை இயங்கும் கணுவுக்குப் பெரும்பாலும் விதைகளின் துணை தேவைப்படுவதில்லை.

மறைப்புத் தாக்குதல்

கடைமடைக்கு வரும் வாய்க்கால்கள் அனைத்தின் மதகுகளும் ஒருவர் கையில் இருப்பின், ஆற்றில் நீர் வந்த செய்தியே அவ்வூருக்குத் தெரியாமற் போகலாம். கணுவுக்கும் இந்நிலை நேரலாம் என்பதை 2015இல் ஹெயில்மன், கெண்ட்லர், சோஹர், கோல்ட்பெர்க் ஆகியோர் தம் ஆய்வில் நிறுவினர். ஒரு கணுவின் எல்லா இணைப்புகளையும் தாக்குபவர் கைப்பற்றினால், அக்கணு ஏனைய வலையமைப்பிலிருந்து மறைக்கப்படுகிறது. பிறருடைய கையொப்பத்தைப் போலியாக உருவாக்க அவரால் இயலாது. ஆயினும் உண்மைச் சங்கிலியை மறைக்க இயலும். பணம் வந்துவிட்டது எனக் கருதிப் பொருளை ஒப்படைத்தவர், அதே பணம் வேறிடத்தில் செலவிடப்பட்டதைப் பின்னரே அறிவார்.

இதனைத் தடுக்க, வெளித்தொடர்புகள் வெவ்வேறு முகவரித் தொகுப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அட்டவணையிலுள்ள முகவரிகள் அவ்வப்போது சோதிக்கப்படுகின்றன. 2021இல் வெளிவந்த 0.21 பதிப்பு முதல், முந்தைய இணைக்கணுக்கள் சிலவற்றை நினைவில் வைத்து மீண்டும் நாடும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது.

முடிவுரை

பரிவர்த்தனையைச் சரிபார்க்க எவரையும் நம்ப வேண்டாத வலையமைப்பிலும், நுழைவாயிலில் சிலரை நம்பியே ஆக வேண்டும். இந்நம்பிக்கையை முற்றிலும் நீக்க இயலாது. பலரிடம் பகிர்ந்தளிக்கவே இயலும். பல விதைகள், பல தொகுப்புகள், பழைய தொடர்புகள் ஆகிய அனைத்தும் இந்நோக்கத்திற்கே உதவுகின்றன. எனவே, ஒரு வலையமைப்பு மையமற்றதா என ஆராய்வோர், அதன் கணுக்களை எண்ணுவதோடு நில்லாமல், புதிய கணுவுக்கு முதல் முகவரி யாரிடமிருந்து கிடைக்கிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.