நெட் எங்கே நிக்குது? ட்ரேஸ்ரூட் சொல்ற கதை

போன மழைக்காலத்துல மாமல்லபுரத்துல ரூம் எடுத்து வேலை பார்த்துட்டு இருந்தேன். சிங்கப்பூர் டீமோட வீடியோ கால். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை என் முகம் அப்படியே உறைஞ்சு நிக்குது. 2016 டிசம்பர்ல வர்தா புயலப்போ கேபிள் பாதிச்சு நெட் மந்தமானது ஞாபகம் வர, "கடலடி கேபிள்ல பிரச்சினை"னு டீம்ல சொல்லிட்டேன். கனெக்‌ஷன் கொடுத்த அண்ணனுக்கும் போன் போட்டுக் கத்தியாச்சு. அப்புறம்தான் ட்ரேஸ்ரூட் போட்டேன்.

அது எப்படி வேலை செய்யுது? மாமல்லபுரத்துல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு போற பஸ்ஸை நினைச்சுக்கோங்க. முதல் ஆளுக்கு ஒரு ஸ்டேஜ் டிக்கெட் மட்டும். இறக்கிவிட்ட இடத்துல இருந்து நமக்கு ஒரு போன் வரும். அடுத்த ஆளுக்கு ரெண்டு ஸ்டேஜ், அதுக்கடுத்து மூணு. கடைசியில முழு வழியும் தெரிஞ்சுடும்.

பாக்கெட்டுக்கு அந்த டிக்கெட்தான் டிடிஎல்ங்கிற எண். ஒவ்வொரு ரவுட்டரும் அதுல ஒண்ணு குறைக்கும். பூஜ்ஜியம் ஆனா பாக்கெட்டைக் கீழே போட்டுட்டு, அனுப்பினவருக்குத் தகவல் சொல்லும். பாக்கெட் முடிவில்லாம சுத்தக் கூடாதுன்னு வச்ச ஏற்பாடு இது. இதையே வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்தி, 1980களின் பிற்பகுதியில் வேன் ஜேக்கப்சன் ட்ரேஸ்ரூட்டை எழுதினார். விண்டோஸ்ல இதோட பேர் ட்ரேசெர்ட்.

இப்போ ரிசல்ட்டைப் படிக்கிறது எப்படி?

நடுவுல நட்சத்திரக் குறி வந்தா பயப்படாதீங்க. சில ரவுட்டர்கள் பதில் சொல்லாது. சிலது தாமதமா சொல்லும். அடுத்தடுத்த வரிகள் நல்லா இருந்தா அதை விட்டுடலாம்.

திடீர்னு முப்பது மில்லிசெகண்ட் ஏறுதா? அது கடலாவும் இருக்கலாம். சென்னை–சிங்கப்பூர் கேபிள் சுமார் 3,200 கி.மீ. ஃபைபர்ல ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போய்வரவே 32 மில்லிசெகண்ட். இது கோளாறு இல்லை, தூரம்.

ஒரு வரியில ஏறின நேரம் கடைசி வரி வரைக்கும் இறங்கவே இல்லைன்னா, எவ்வளவு தூரம்னு கணக்குப் பாருங்க. தூரத்துக்குப் பொருந்தலைன்னா, அந்த இடத்தைச் சந்தேகப்படலாம்.

என்னோடதுல? முதல் வரியே 190 மில்லிசெகண்ட். முதல் வரின்னா, என் ரூம்ல இருக்கிற வைஃபை ரவுட்டர்! இரும்பு பீரோவுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். மேஜை மேல எடுத்து வச்சதும் 3 ஆயிடுச்சு.

அண்ணனுக்குப் போன் போட்டு மன்னிப்பு கேட்டேன். "பீரோ பின்னாடி வைக்காதேன்னு அன்னைக்கே சொன்னேனே தம்பி"ன்னார்.