மிளகும் மிளகாயும்

சொல்லாராய்ச்சியிற் பழகிய நமக்கு இரசாயன நூலின் வாயிலை மிதிக்கச் சிறிது அச்சம் உண்டு. ஆயினும் நாள்தோறும் நம் நாவிற் படும் இரு பொருள்கள் நம்மை அவ்வாயிலுக்கே இட்டுச் செல்கின்றன. அவை மிளகும் மிளகாயும் ஆம்.

மிளகு நம் நாட்டுத் தொல்பொருள். யவனர் பொன் கொணர்ந்து முசிறித் துறையில் மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149 ஆம் பாட்டு கூறும். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேசியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டிற் பரவியது. மிளகு போல் உறைக்கும் காய் ஆதலின் நம் முன்னோர் அதனை மிளகாய் என்றனர். ஆனால் தாவர நூலார் இவ்விரண்டையும் வெவ்வேறு குடும்பத்தில் வைப்பர். மிளகாய் கத்தரிக்கு உறவு, மிளகு வெற்றிலைக்கு உறவு. அங்ஙனமாயின், நாவை நம்பிப் பெயரிட்டது பிழையோ?

இதற்கு விடை காண, உறைப்பைத் தரும் பொருள் இன்னதென அறிதல் வேண்டும். பல பொருள்கள் கலந்த உணவில் ஒன்றை மட்டும் இனங்காணும் முறை மூன்று படிகளை உடையது.

முதலாவது பிரித்தல். மிளகுப் பொடியைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்து, சாரத்தை வற்றச்செய்து, பளிங்காக உறையவிடலாம். மிளகின் உறைப்புப் பொருளாகிய பைப்பரினை 1819 இல் டென்மார்க்கு அறிஞர் எர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மிளகாயினின்று பெற்ற பொருளுக்கு 1876 இல் ஆங்கிலேயராகிய திரெஷ் கேப்சைசின் எனப் பெயரிட்டார்.

இரண்டாவது ஒப்பிடல். தூய பொருள் ஒவ்வொன்றும் தனக்குரிய வெப்பநிலையில் உருகும். பைப்பரின் ஏறத்தாழ 130 பாகை செண்டிகிரேடிலும், கேப்சைசின் ஏறத்தாழ 65 பாகையிலும் உருகும். ஐயுற்ற பொருளைத் தெரிந்த பொருளோடு கலந்து உருக்குங்கால் உருகுநிலை தாழாதாயின், இரண்டும் ஒன்றே எனத் துணியலாம்.

மூன்றாவது அமைப்பறிதல். பொருளைச் சிதைத்து உறுப்புகளைக் கண்டு, பின் அவ்வமைப்பையே ஆக்கிக் காட்டுதல். பைப்பரினைச் சிதைத்தால் பைப்பரிக் அமிலமும் பைப்பரிடினும் கிடைக்கும். கேப்சைசினின் அமைப்பை 1919 இல் நெல்சன் ஆராய்ந்தார். 1930 இல் ஸ்பேத்தும் டார்லிங்கும் அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். சொல்லைப் பகுதி விகுதியெனப் பிரித்துப் பின் புணர்த்துக் காட்டும் நம் இலக்கண முறையை இஃது ஒக்குமன்றோ?

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. உலர்ந்த பப்பாளி விதையை மிளகோடு கலந்து விற்பாருளர். கண் ஏமாறினும் சோதனை ஏமாறாது. பப்பாளி விதையிற் பைப்பரின் இல்லை. பொடியாக்கிக் கலந்தாலும், இக்காலத்துக் குரோமட்டோகிராபி முறை பைப்பரினின் அளவு குறைந்திருத்தலைக் காட்டிவிடும்.

இனி, முதல் வினாவிற்கு மீள்வோம். உறைப்புப் பொருள்கள் இரண்டும் வேறு என்பது தெளிவாயிற்று. ஆனால் 1997 இல் டேவிட் ஜூலியசும் அவர்தம் குழுவினரும், கேப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியைக் கண்டனர். சுடும் வெப்பத்தை உணர்வதும் அவ்வேற்பியே. இத்துறைக்காக ஜூலியஸ் 2021 இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பைப்பரினும் அதே ஏற்பியைத் தூண்டுவதாகப் பின்னர் அறியப்பட்டது.

ஆகவே, வந்த விருந்தினர் இருவர். தட்டிய கதவு ஒன்று. மிளகாய் எனப் பெயரிட்டோர் தம் நா உணர்ந்ததைப் பிழையின்றியே கூறினர். நா கூறாது விட்டதை இரசாயன நூல் கூறிற்று. இரண்டையும் கேட்டலே நமக்கு அழகு.