வீடு சூடாகவில்லையா? முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள்!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. அந்த நேரத்தில் வீட்டுக்குள் சூடு குறைந்தால் கைக்குழந்தையும் வயதானவர்களும் தவித்துப்போவார்கள். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கவும் கூடும். கேஸ் இணைப்பு எட்டாத கிராமப்புறங்களில் சில வீடுகள் நம்பியிருப்பது நிலத்தடி ஹீட் பம்பை.

மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்குமே, அதே தத்துவம்தான் இதற்கும். மேலே பனி கொட்டினாலும், தெற்கு ஒன்டாரியோவில் ஆழத்து மண் 8 முதல் 10 டிகிரி வரை சூடு வைத்திருக்கும். மண்ணில் புதைத்த குழாய்களில் உறையாத திரவம் கலந்த தண்ணீர் சுற்றிவந்து அந்தச் சூட்டைக் கொண்டுவரும். ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா? இந்த இயந்திரம் மண்ணின் சூட்டை எடுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. செலவாகும் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். இப்படி ஒரு இயந்திரத்தால் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று விஞ்ஞானி கெல்வின் 1852-லேயே எழுதிவிட்டார்.

கரன்ட் பில் காட்டிக்கொடுக்கும்

ஹீட் பம்ப் பலவீனமானால் பல வீடுகளில் அது உடனே தெரியாது. கூடவே இருக்கும் துணை ஹீட்டர் தானாக ஓடி வீட்டைச் சூடாக வைத்திருக்கும். ஆனால், அது 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும். மாதக் கடைசியில் பில் எகிறும்போதுதான் விஷயம் புரியும். தெர்மோஸ்டாட்டில் துணை ஹீட்டரைக் குறிக்கும் அடையாளம் அடிக்கடி தெரிந்தால், அதுவே முதல் எச்சரிக்கை.

இரவில் சூட்டை நிறையக் குறைத்துவிட்டு காலையில் சட்டென்று கூட்டினாலும் துணை ஹீட்டர் ஓடும். அது பழுதல்ல. பெரிதாக ஏற்றி இறக்காமல் ஒரே அளவில் வைத்துப் பாருங்கள்.

காற்று ஃபில்டர்

அடுத்து ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். அறைகளில் காற்று வரும் வழியை சோபாவோ கம்பளமோ மறைக்கக் கூடாது. துணை ஹீட்டர் ஓடாத நேரத்தில், இயந்திரத்துக்குள் போகும் காற்றைவிட வெளிவரும் காற்று சுமார் 11 முதல் 17 டிகிரி கூடுதல் சூடாக இருப்பது வழக்கம். அதைவிட மிக அதிகமாக இருந்தால் காற்றோட்டம் குறைவு என்று பொருள்.

இரண்டு குழாய், ஒரு கணக்கு

மண்ணிலிருந்து வரும் குழாயிலும், திரும்பிப் போகும் குழாயிலும் வெப்பநிலையைப் பாருங்கள். புதிய இயந்திரங்கள் சில திரையிலேயே காட்டும். இல்லாவிட்டால் குழாயின் உலோகப் பகுதியில் தெர்மாமீட்டரை ஒட்டி, மேலே துணி சுற்றி, இயந்திரம் 15 நிமிடம் ஓடியபின் பார்க்கலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

பொதுவாக வித்தியாசம் 3 முதல் 5 டிகிரி வரை இருக்கும். அதைவிட அதிகமென்றால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. குழாயில் காற்று புகுந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், சுற்றுப் பம்ப் தளர்ந்திருக்கலாம். வித்தியாசம் மிகக் குறைவென்றால், தண்ணீர் வந்தும் இயந்திரம் சூட்டை எடுக்கவில்லை. அப்போதுதான் குளிரூட்டி வாயு, கம்ப்ரஸர் மீது சந்தேகப்பட வேண்டும்.

இந்தக் கணக்கு தெரியாவிட்டால் பர்ஸுக்குத்தான் ஆபத்து. “கேஸ் குறைஞ்சிருக்கு” என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுத்துவிடுவோம். அந்த வாயு மூடிய குழாய்க்குள் சுற்றுவது. தானாகத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான். இந்த வேலையை உரிமம் பெற்ற டெக்னீஷியனிடமே விடவேண்டும். மின்பெட்டியையும் நீங்கள் திறக்க வேண்டாம்.

மண்ணே களைத்துப்போனால்?

சூடு திடீரென்று குறைந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு பாகத்தில் கோளாறு. வருடா வருடம் மெல்லக் குறைந்தால் கதை வேறு. குளிர்காலக் கடைசியில் மண்ணிலிருந்து வரும் தண்ணீர் 0 டிகிரியை நெருங்குவது பல வீடுகளில் இயல்புதான். ஆனால், ஒவ்வொரு பிப்ரவரியிலும் அது முந்தைய ஆண்டைவிட இறங்கிக்கொண்டே போனால், வீட்டின் தேவைக்குப் புதைத்த குழாயின் நீளம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். கம்ப்ரஸரை மாற்றினாலும் இது தீராது.

அதனால், இயந்திரம் நன்றாக ஓடும் நவம்பரிலேயே இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவையுங்கள். பழுது பார்க்க வருபவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்கும்.