பழைய கணினிக்குப் புது ஆயுள் – 6: போனது டிஸ்க், கணினி அல்ல

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால், "இதற்கு இனிமேல் செலவு செய்வது தண்டம், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்ற யோசனை உடனே வந்துவிடுகிறது. ஒரு பாகம் பழுதானதை வைத்து மொத்தக் கணினிக்கும் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது சரியல்ல. ப்ராசஸரிலும் ரேமிலும் அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கிலோ தட்டுகள் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை அவற்றைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தேய்மானம் உள்ள பாகம் முன்னதாகப் போவது இயல்புதான். அந்த இடத்தில் அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால், கணினி வாங்கிய புதிதில் ஓடியதைவிட வேகமாக ஓடும் என்பதே என் வாதம்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 7200 சுற்று டிஸ்க்கில் தேவையான தகவல் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அது 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லி செகண்ட். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு ஏறத்தாழ 80 முறைதான் எட்ட முடியும். விண்டோஸ் தொடங்கும்போது இப்படிப்பட்ட சிறு கோப்புகளைத்தான் ஆயிரக்கணக்கில் படிக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. ஒரு முறை எட்ட 0.1 மில்லி செகண்ட் அளவே போதும். இத்தனை நாள் ப்ராசஸர் மெதுவாக வேலை செய்யவில்லை, டிஸ்க்குக்காகக் காத்திருந்தது.

பழைய மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்க இருப்பது சாட்டா 2 தானே, எஸ்.எஸ்.டி.யின் வேகம் அதில் வீணாகாதா என்று கேட்கலாம். சாட்டா 2 நொடிக்குச் சுமார் 300 எம்.பி. கடத்தும், சாட்டா 3 அதைப்போல் இரு மடங்கு. பெரிய வீடியோ கோப்பை நகலெடுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். சிறு கோப்புகளைப் படிக்கையில் அந்த எல்லையை நெருங்குவதே அபூர்வம். வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா வகையைக் கேட்டு வாங்க வேண்டும். குச்சி போன்ற எம்.2 வகையைச் செருக அந்தக் காலத்து போர்டில் இடம் இருக்காது. பட்டைக் கேபிள் போடும் ஐ.டி.இ. இணைப்பு மட்டுமே உள்ள கணினிக்கு இந்த வாதம் பொருந்தாது.

"எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், ஹார்ட் டிஸ்க்காவது சத்தம் போட்டு எச்சரிக்கும்" என்பது அடுத்த ஆட்சேபம். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழுதானவற்றில் 56 சதவீதத்துக்கும் மேலானவை, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவின் நான்கு முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எச்சரிக்கை வரும் என்று நம்பி இருப்பது இரண்டு வகையிலுமே ஆபத்து. பேக்கப் ஒன்றே காப்பு. பேக்கப் இல்லாத டிஸ்க் டக் டக் என்று தட்டத் தொடங்கினால், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது இருப்பதையும் அழித்துவிடும். அப்படியே நிறுத்திவிட்டு, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் அறிவு.

பழைய கணினியில் இனி விண்டோஸ் ஓடுமா என்ற கடைசி ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை ஏற்பதில்லை. விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர் புதுக் கணினி வாங்குவதே சரி. கடிதம், கணக்கு, இணையம், பிள்ளைகளின் படிப்பு என்று பயன்படுத்தும் வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் தாராளமாகப் போதும்.

கடைக்காரர் புதிது வாங்கச் சொன்னால், போனது எந்தப் பாகம் என்று முதலில் கேளுங்கள். டிஸ்க் என்று பதில் வந்தால், சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். சில நேரங்களில் கோளாறு அந்தக் கேபிளில்தான் இருக்கும்.