பேசாத படம் பொருளை விற்காது

பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. எமது கடையில் நீண்ட காலமாகப் புடவை வாங்கும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நீரிழிவினால் பார்வையை இழந்தவர். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு கணினியைப் பாவிப்பவர். “ஹாஜியார், உங்கட இணையத்தளத்தத் திறந்தேன். ஐ.எம்.ஜி. நாலு, ஐ.எம்.ஜி. அஞ்சு என்று இலக்கம்தான் வாசிக்குது. சாரம் எது, விலை என்ன ஒன்றும் விளங்குதில்ல” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. விலையும் தொலைபேசி இலக்கமும் அழகான படங்களுக்குள்ளேயே இருந்தன. அவருக்கு அது பூட்டிய கடை. அப்பெருநாளுக்கு அவர் வேறிடத்தில் வாங்கினார்.

அந்த மென்பொருள், படத்தோடு சேர்த்து எழுதப்படும் ‘ஆல்ட்’ எனும் மாற்று வாசகத்தையே வாசிக்கிறது. அது இல்லையேல் பல வேளைகளில் கோப்பின் பெயரை ஒப்புவிக்கும். 1997இல் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 விதிகளிலேயே ஒவ்வொரு படத்துக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவின் பெரு வணிக நிறுவனமான டார்கட்டின் தளத்தில் இத்தகைய குறைகள் இருந்ததாக, 2006இல் பார்வையற்றோர் சம்மேளனம் வழக்குத் தொடுத்தது. 2008இல் 60 இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் அது சமரசமானது.

நாம் செய்ய வேண்டியவை இலகுவானவை:

• “படம்” என்று எழுதாதீர்கள். “நீலக் கோடு போட்ட பருத்திச் சாரம்” என்று பொருளைச் சொல்லுங்கள்.

• படத்துக்குள் விலை இருந்தால் அதனை எழுத்திலும் தாருங்கள்.

• படத்தை அழுத்தினால் வேறு பக்கம் திறக்குமாயின், “விலைப்பட்டியல்” என்பதுபோல் அது எங்கே போகிறது என்பதை எழுதுங்கள்.

• அலங்காரப் பூ, கோடுகளுக்கு ‘ஆல்ட்’ இடத்தை வெறுமையாக விடுங்கள். அதனை நீக்கிவிடக் கூடாது.

• தேடலில் முந்துவதற்காகச் சொற்களை அடுக்காதீர்கள். கேட்பவர் சலித்துவிடுவார்.

இதற்கெனத் தனிச் செலவில்லை. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதனை நிறுவி, திரையை அணைத்துவிட்டு உங்கள் தளத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நானும் அப்படிக் கேட்ட பின்னரே ஒவ்வொரு படமாகத் திருத்தினேன்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் விடயத்தில் ‘அபஸ’ அத்தியாயம் இறங்கியதை நாம் அறிவோம். தேடி வருபவரைப் புறக்கணிக்கக் கூடாது என்பது கடைக்காரருக்கும் பாடம்தான்.

திருத்திய பின் அந்த வாடிக்கையாளருக்கு நானே அழைப்பெடுத்தேன். அடுத்த பெருநாளுக்கு இன்ஷா அல்லாஹ் எம்மிடமே வாங்குவதாகச் சொன்னார்.