சிறகு உணர்த்தும் செய்தி

கோடைக் காலத்தில் மாம்பழம் வைத்துள்ள வீட்டின் சாளரத்தில், சில வேளைகளில் புதியதோர் ஈயைக் காணலாம். மஞ்சளும் கருமையும் கலந்த அதன் உடலைக் கண்டு, குளவி என அஞ்சுவோர் உளர். குளவிக்குச் சிறகுகள் நான்கு, ஈக்கு இரண்டே. ஆதலின் சிறகுகளை எண்ணினால் அச்சம் நீங்கும்.

பின்னர், உருப்பெருக்கிக் கண்ணாடியால் சிறகை உற்று நோக்குக. வீட்டு ஈயின் சிறகு கறையின்றித் தெளிவாய் இருக்கும். இதன் சிறகிலோ, முன்விளிம்பை ஒட்டி மெல்லிய கரிய கோடு ஒன்று நுனிவரை ஓடும். அவ்வாறாயின், அது பெரும்பாலும் மாம்பழத்தைக் கெடுக்கும் பழ ஈயே ஆகும். அக்கோடு நுனியில் விரிந்து, சிறகின் குறுக்கேயும் ஒரு கறை காணப்படின், அது பாகல், பூசணி முதலிய கொடிக்காய்களைத் தாக்கும் இனமாகும்.

பெண் ஈ பழத்தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, வெளிப்பட்டு மண்ணுள் புகும். அங்கே கூட்டுப்புழுவாகிப் பின் ஈயாக வெளிவரும். இந்தியாவிலிருந்து சென்ற மாம்பழங்களில் பழ ஈக்கள் காணப்பட்டமையால், 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. அத்தடை 2015ஆம் ஆண்டில் நீங்கியது. சிற்றுயிர் விளைக்கும் கேடு எத்துணைப் பெரிது!

ஆதலின், சாளரத்தில் இவ்வீயைக் கண்டால், வீட்டிலுள்ள பழங்களை ஆராய்தல் வேண்டும். புழு வைத்தவற்றைக் குப்பையில் எறியாது, ஆழக் குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும்.